கோணல் வாங்கும் கலை

மோட்டாரையும் பம்பையும் சேர்க்கும் கப்ளிங்கின் அருமை கோயம்புத்தூர்க்காரர்களுக்குத் தெரியாததல்ல. இரண்டு தண்டுகளுக்கும் நடுவே எஞ்சும் சிறு கோணலை ரப்பர் புஷ் சத்தமின்றித் தன்மேல் வாங்கிக்கொள்ளும். எந்தத் தண்டும் வளைய வேண்டியதில்லை. ஃபோர்ட்ரான், பைத்தான் என்ற இரு நிரல் மொழிகளையும் சேர்த்துவைக்கும் எஃப்-டூ-பை அப்படியொரு நுண்ணிய வேலைப்பாடு. பியரு பீட்டர்சன் 1999இல் தொடங்கிய இந்தக் கருவி இன்று நம்பை என்ற பைத்தான் நிரல் தொகுப்பின் அங்கம். பீளமேட்டுக் கல்லூரி லேப்பில் சைபை என்ற பைத்தான் தொகுப்பு வழியே, லாபேக் என்ற ஃபோர்ட்ரான் கணிதத் தொகுப்பைக் கூப்பிடும் மாணவிக்கும் அதன் உழைப்புதான் துணை.

லாபேக்கில் நேரியல் சமன்பாடுகளைத் தீர்க்கும் ‘டிஜிஇஎஸ்வி’ என்ற ஒரே நிரலைக் கொஞ்சம் நின்று பாருங்கள். ஃபோர்ட்ரானில் அது 8 ஆர்க்யுமென்ட் கேட்கும். எத்தனை சமன்பாடு, எத்தனை வலப்பக்கம், அணி எவ்வளவு பெரிது என்று எல்லாவற்றையும் நாமே சொல்ல வேண்டும். பைத்தானிலோ அணியும் வலப்பக்கமும் என இரண்டே போதும். அளவுகளை அந்த அணியிடமே எஃப்-டூ-பை உருவாக்கிய இணைப்பு நிரல் கேட்டறிகிறது. என்ன இங்கிதம்!

அடுத்த நுணுக்கம் இன்னும் மெல்லியது. ஃபோர்ட்ரான் 1 முதல் எண்ணும். பைத்தான் 0 முதல். சமன்பாட்டைத் தீர்க்கையில் அணியின் வரிசைகள் இடம்மாறிய குறிப்பு திரும்பி வரும்போது, ஒவ்வொரு எண்ணிலும் ஒன்றைக் குறைத்துத்தான் இணைப்பு நிரல் நம் கையில் தருகிறது. அந்த ஒன்று குறைந்ததை நாம் உணர்வதேயில்லை.

இந்த நயங்களைச் சொல்லிவைக்க மனிதர் எழுதுவது சில வரி விவரக் கோப்புதான். அதைப் படித்து, நீண்ட இணைப்பு நிரலை சி மொழியில் கருவியே பிழையின்றி நெய்துவிடுகிறது. விவரத்தை ஃபோர்ட்ரான் கோப்பிலேயே எழுதவும் வழியுண்டு. ‘சி’ என்ற எழுத்தில் தொடங்கும் வரியைப் பழைய ஃபோர்ட்ரான் வெறும் குறிப்புரையென்று கடந்துபோகும். அந்த எழுத்தை அடுத்துத் தன் பெயர் இருந்தால், எஃப்-டூ-பைக்கு அதே வரி கட்டளை. மூல நிரலின் கணக்கில் ஒரு புள்ளிகூட மாறுவதில்லை. பல்லாண்டு சோதித்துத் தேறிய கணிதத்தைத் தொடாமலே புதிய மொழிக்குள் அழைத்துவரும் பணிவு அது.

அழைத்துவந்த ஒவ்வொரு நிரலுக்கும் அறிமுகக் குறிப்பையும் கருவியே எழுதிவைக்கிறது: என்ன கொடுக்க வேண்டும், என்ன கிடைக்கும், எது விருப்பம்போல் விடத்தக்கது என்று. அடுத்தமுறை சைபையைத் திறக்கும்போது அந்தக் குறிப்பை ஒருதரம் அச்சிட்டுப் படித்துப் பாருங்கள்.