ஏற்றப்பாட்டும் ஏரிநீரும்

ஏற்றமிறைப்போன் பாடிய ஓரடியின் முடிபைக் கேட்கக் கம்பர் மறுநாள் வரை காத்திருந்தார் என்பது செவிவழிக் கதை. அத்தகைய பாட்டு இன்று வில்லியனூர், பாகூர் வயல்களில் ஒலிப்பதில்லை. மின்பொறி வந்தது, பாட்டு மறைந்தது என்பர். கருவியே வாழ்வை வகுக்கும் என்னும் கொள்கை இக்கூற்றினுள் அடங்கியுள்ளது. அது பொருந்துமா என்பதை ஈண்டு ஆராய்வாம்.

முதற்கண் அக்கொள்கைக்குச் சார்பான சான்றைக் காண்போம். ஏற்றமரத்தின்மேல் ஆட்கள் முன்னும் பின்னும் நடக்க, மரம் தாழ்ந்தெழும். கீழே நிற்போன் சாலை முகந்து கவிழ்ப்பான். பாட்டின் அடி இவ்வியக்கத்தோடு ஒத்து நடக்கும். இறைத்த சாலின் எண்ணும் அடியினுள் அமையும். எனவே, இப்பாட்டின் யாப்பு கருவி தந்தது என்பதில் ஐயமில்லை.

ஆயினும், சாலை எண்ணவேண்டும் என்று மரம் கேட்பதில்லை. எண்ணாமலும் நீர் இறைக்கலாம். ஆளுக்கு ஆள் வேலையை மாற்றிக்கொள்ளவும், பங்காளிகளிடையே நீரைப் பகிரவும் எண்ணிக்கை வேண்டப்பட்டது. அது குடிவாழ்வின் தேவை. எகிப்து நாட்டுத் துலாவும் இதே நெம்புகோல் முறையினதே. அங்கு மரத்தின் மறுமுனையில் மண்கட்டியோ கல்லோ எடையாக நின்றது. ஈண்டு அவ்விடத்தில் மனிதர் நடந்தனர். கிணற்றின் ஆழமும் சாலின் பருமையும் இதற்குக் காரணமாகலாம். எனினும், நாளெல்லாம் மரமேறி நடக்கக் கூலிக்கு ஆள் கிடைத்த சமுதாயத்திலன்றி அவ்வமைப்பு நிலைத்திராது.

பாகூர் ஏரிக்குப் பெண்ணையாற்று நீர் பங்காரு வாய்க்கால் வழியே வருகிறது. ஏரிநீர் பலர்க்கும் பொது. ஆதலின், வாய்க்காலைத் தூர்வாரவும் மடைமுறை வகுக்கவும் ஊர் கூடவேண்டும். ஆழ்துளைக் கிணறோ, அண்டை நிலத்தானை நோக்காது நீர் பெறும் வாய்ப்பை ஒருவனுக்கு அளித்தது. ஆனால், அத்தனியுரிமையைப் பொறி தானே படைக்கவில்லை. அதே பொறியைப் பொதுக் கிணற்றிலும் பூட்டலாம். 1999இல் ஐரோப்பிய ஒன்றிய உதவியோடு புதுச்சேரியில் தொடங்கிய ஏரிச் சீரமைப்புத் திட்டம் கரையைச் செப்பனிட்டதோடு அமையாது, உழவர் சங்கங்களையும் நிறுவியது. ஏரியை மீட்பதற்கு ஊர்க்கூட்டத்தையும் மீட்கவேண்டும் என்பது இதனாற் பெறப்படும்.

மறுதலையும் உண்டு. ஊர் விரும்பி ஏற்ற கருவி, பின்னர் ஊரையே பிணிக்கும். கடல் அணித்தாகிய பாகூர்ப் பகுதியில் நிலத்தடிநீரை மிகுதியாக எடுத்தால் உவர்நீர் உட்புகும். அதன்பின் பழைய முறைக்கு மீள ஊர் எண்ணினும் எளிதன்று.

ஆகவே, கருவி யாப்பைத் தரும். பொருளைத் தருவது குடி என்பது எம் முடிபு. இம்முடிபு பதிப்புப் பணிக்கும் பயன்படும். ஏற்றப்பாட்டைச் சொற்களாக மட்டும் தொகுத்தால் பாதியே கிடைக்கும். மரமேறி நடந்தவர் யார், சால் பிடித்தவர் யார், கிணறு எவருடையது, கூலி எவ்வாறு அளக்கப்பட்டது என்பனவற்றையும் உடன் எழுதவேண்டும். ஏற்றமிறைத்த முதியோர் இவ்வூர்களில் இன்னும் சிலரேனும் இருப்பர்; ஆய்வு மாணவர் காலந்தாழ்த்தாது அவர்பாற் செல்வாராக.