நன்னூற் பாயிரமும் இன்றைய மாணாக்கரும்

நன்னூலின் பொதுப்பாயிரத்தைப் படியாத தமிழாசிரியர் நம் நாட்டில் அரியர். எழுத்திலக்கணத்துள் புகுவதற்கு முன்பே நூலாவது யாது, ஆசிரியர் எத்தகையவர், பாடஞ் சொல்லும் முறை என்ன, மாணாக்கர் யார், அவர் பாடங் கேட்கும் முறை எப்படி என்னும் ஐந்தையும் பவணந்தி முனிவர் வகுத்துச் சொல்லிவிடுகிறார். 13ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், சீயகங்கன் என்னும் சிற்றரசனின் வேண்டுகோளுக்கிணங்க எழுந்த நூல் இது. இந்நூல் கற்பித்தலைப் பற்றிச் சொல்வதை நாம் சரியாகத்தான் படித்திருக்கிறோமா என்று ஒருமுறை கேட்டுக்கொள்வது தவறாகாது.

நான் பயிற்சிக் கல்லூரியில் பயின்றது 1990களின் தொடக்கத்தில். மாணாக்கர்க்குக் கூறிய உவமைகளை எங்கள் விரிவுரையாளர் சுவைபடச் சொல்லுவார். நீரை ஒதுக்கிப் பாலைக் கொள்ளும் அன்னமும், மேய்ந்ததை ஓரிடத்தில் இருந்து அசைபோடும் பசுவும் தலைமாணாக்கர்க்கு உவமை. உழவன் பாடுபட்ட அளவுக்கு விளையும் நிலமும், சொல்லிக் கொடுத்ததையே சொல்லும் கிளியும் இடைமாணாக்கர்க்கு. கடைமாணாக்கர்க்கோ ஓட்டைக்குடம், ஆடு, எருமை, பன்னாடை என நான்கு. பன்னாடை நெய்யைக் கீழே விட்டுவிட்டுக் கசட்டைத் தன்னிடம் நிறுத்திக்கொள்ளும். தெருச்சண்டையில் இச்சொல் இன்றும் வசையாக வழங்குவதை அன்பர்கள் அறிவர். வகுப்பு முழுதும் சிரித்தது. வேலைக்குச் சேர்ந்த முதல் சில ஆண்டுகளில் நானும் பிள்ளைகளை எருமையென்றும் பன்னாடையென்றும் பிரித்து வைத்தேன். இலக்கணமே இடங்கொடுக்கும்போது எனக்கென்ன தயக்கம் என்று எண்ணியிருந்தேன். இதை எழுதக் கூச்சமாகத்தான் இருக்கிறது.

ஆசிரியர்க்குக் கூறிய உவமைகளை அதே விரிவுரையாளர் ஒரே மூச்சில் கடந்து சென்றார். நல்லாசிரியர்க்கு நிலம், மலை, துலாக்கோல், மலர் ஆகியவை உவமை என்பது பலர்க்கும் நினைவிருக்கும். ஆசிரியராகத் தகாதவர்க்கும் நான்கு உவமைகள் உண்டு என்பதை எத்தனை பேர் நினைவில் வைத்திருக்கிறோம்? கழற்சிக்காய் இட்ட குடம் ஒன்று; இட்ட முறையை விட்டு முன்பின்னாகக் காய்களைக் கொட்டும். தானாகப் பழம் விழுந்தாலன்றி ஏறிப் பறிக்க இடங்கொடாத, மட்டை சூழ்ந்த பனை மற்றொன்று. பஞ்சடைத்த குடுக்கை மூன்றாவது. அடைக்கும்போதும் சிறிது சிறிதாக, எடுக்கும்போதும் சிறிது சிறிதாக. நீர் ஊற்றி வளர்த்தவனை விட்டு அயலான் வேலிக்குள் காய் உதிர்க்கும் வளைந்த தென்னை நான்காவது.

இவற்றைக் கூர்ந்து நோக்கினால் ஒன்று புலப்படும். ஆசிரியரின் கல்வி எவ்வளவு என்பதைப் பவணந்தியார் இங்கே அளக்கவே இல்லை. குடம் நிறைந்துதான் இருக்கிறது. பனையும் பழுத்துத்தான் இருக்கிறது. எதிரே ஏந்தி நிற்பவன் கைக்கு என்ன வந்து சேர்ந்தது என்பதே அளவுகோல். அஃதாவது, ஆசிரியரின் குறையை மாணாக்கர் நின்ற இடத்திலிருந்து பார்த்துச் சொன்ன பகுதி இது. மாணாக்கருள் ஒரு குடம் இருப்பது போல ஆசிரியருள்ளும் ஒரு குடம் இருக்கிறது. நாம் பேசி வந்தது ஓட்டைக்குடத்தைப் பற்றி மட்டுமே.

நிற்க. எங்கள் டெங்கில் வட்டாரத்தில் தோட்டம் என்பது பல இடங்களில் பெயரளவில்தான் எஞ்சியிருக்கிறது. 1990களில் புத்ராஜெயா எழுந்தபோது பிராங் பெசார் முதலிய நான்கு தோட்டங்களின் மக்கள் டெங்கிலின் அடுக்குமாடி வீடுகளுக்குப் பெயர்ந்து வந்தனர். அத்தகைய குடும்பம் ஒன்றில் பிறந்த என் பழைய மாணவி ஒருத்தி சென்ற ஆண்டு பள்ளி விடுமுறையில் என்னைப் பார்க்க வந்தாள். பார்வைக் குறைவு உள்ளவள். எழுத்தைக் கண்ணருகே பிடித்துத்தான் படிப்பாள். இப்போது தமிழாசிரியராவதற்குப் பட்டப்படிப்பில் இருக்கிறாள். "படிப்பை நிறுத்திடலாம்னு இருக்கேன் ஐயா" என்றாள். பாடம் கடினமா என்று கேட்டேன். "பாடம் கடினமில்லை ஐயா. பாடம் எனக்கு வந்தே சேரலை" என்றாள்.

அவள் சொன்னவற்றைத் தொகுத்து எழுதுகிறேன். விரிவுரையாளர் திரையைச் சுட்டி, 'இதைப் பாருங்கள், இதற்கும் இதற்கும் உள்ள வேறுபாடு தெரிகிறதா' என்பார். எது எது என்று வாயால் சொல்வதில்லை. குறிப்புகள் கணினி வழி வரும். திரையில் உள்ள எழுத்தை வாய்விட்டுப் படித்துக் காட்டும் மென்பொருள்கள் இன்று உண்டு. தமிழையும் அவை படிக்கும். ஆனால் அந்தக் குறிப்புகள் யூனிகோடு பரவுவதற்கு முன் வழங்கிய பழைய எழுத்துரு ஒன்றில் அமைந்தவை. அத்தகைய எழுத்துருக்கள் கண்ணுக்குத் தமிழாகத் தோன்றும். உள்ளே இருப்பதோ ஆங்கில எழுத்துகளுக்குரிய குறியீடு. ஆகவே, 'தொகைநிலைத் தொடர்' என்று ஒலிக்க வேண்டிய இடத்தில் மென்பொருள் பொருளற்ற ஆங்கில எழுத்துகளை முணுமுணுக்கும். வேறு சில குறிப்புகள் புத்தகப் பக்கத்தைப் படம் பிடித்தவை. அவற்றிலிருந்து அதற்கு ஒரு சொல்லும் கிட்டாது. முரசு அஞ்சல் பிறந்த நாட்டில் இது நமக்குப் பெருமை தரும் நிலையன்று.

யாப்பிலக்கணத் தேர்வில் வெண்பா ஒன்றைக் கொடுத்து, அசை பிரித்துக் கோடும் குறியும் இடச் சொல்லியிருக்கிறார்கள். "வாயால சொல்றேன், ஓசையை வைத்தே பிரிச்சிடுவேன்" என்று கேட்டிருக்கிறாள். விதியில் இடமில்லை என்று மறுமொழி வந்ததாம். எந்த நிறுவனம் என்பது இங்கே வேண்டா. அங்குள்ளோர் மனமில்லாதவர் என்றும் நான் கருதவில்லை. யாரும் அவளை முன்னரே கேட்கவில்லை, அவ்வளவே.

அவள் போனபின் நன்னூலை மீண்டும் எடுத்தேன். நூல் சொல்லத் தகாதவர் என்று ஒரு பட்டியல் அதில் வருகிறது. குடியன், சோம்பேறி, செருக்கன், திருடன், பொய்யன் என்று நீளும் அப்பட்டியலில் நோயாளியும் இருக்கிறான். அறிவு மந்தமானவனும் இருக்கிறான். பழைய நூல்களுக்கு அஞ்சித் தடுமாறுபவனும் இருக்கிறான். திருடனும் நோயாளியும் ஒரே வரிசையில்! சொல்லத் தக்கவர் பட்டியலோ ஆசிரியரின் மகன், அவருடைய ஆசிரியரின் மகன், அரசன் மகன், பொருளை மிகுதியாகத் தருபவன், வழிபடுபவன், சொன்னதைப் பற்றிக்கொள்ள வல்லவன் என அமைகிறது. பால்மரம் வெட்டியவரின் பேத்தி இதில் எங்கே நிற்பாள் என்று தேடினால், கடைசி இரண்டு இடங்களில்தான் ஒண்டிக்கொள்ள வேண்டும்.

பவணந்தியார்மேல் பழி சுமத்துவது என் நோக்கமன்று. அச்சுப் புத்தகம் இல்லாத காலம். ஏடும் அரிது, சொல்லுபவரும் அரியர். ஓராசிரியர் தம் வாழ்நாளில் சிலர்க்கே முழு நூலையும் சொல்ல இயலும் என்றால், யாரை விடுவது என்ற கேள்வி எழத்தான் செய்யும். அந்த நெருக்கடி போய்விட்டது. அது பெற்ற பட்டியல் மட்டும், எழுதப்படாத வழக்கமாக, நம் தேர்வு விதிகளிலும் குறிப்பேடுகளிலும் தங்கிவிட்டது என்பதே என் குறை.

பழைய ஆசிரியர்களே இவ்விதியை மீறியிருக்கிறார்கள். மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் உ. வே. சாமிநாதையர் 1871இல் மாணாக்கராகச் சேர்ந்தார். இடையில் அவருக்கு அம்மை கண்டு படிப்பு தடைப்பட்டது. தேறி வந்தபின் பிள்ளையவர்கள் மீண்டும் பாடஞ் சொன்னார். சூத்திரத்தைச் சொல்லுக்குச் சொல் பிடித்துக்கொண்டு மறுத்திருந்தால் சிந்தாமணியும் பத்துப்பாட்டும் யார் கையால் அச்சேறியிருக்குமோ! அதே பிள்ளையவர்களிடம் கிறித்தவரான சவேரிநாத பிள்ளையும் இசுலாமியரான குலாம் காதிறு நாவலரும் பயின்றனர். இன்னும் முற்பட்ட காலத்தில் அந்தகக்கவி வீரராகவ முதலியார், கண்பார்வை இல்லாதவர், சேயூர் முருகன் பிள்ளைத்தமிழ் பாடினார். அவர்க்கு யாப்புச் சொல்லிக் கொடுத்தவர் கோடும் குறியும் இட்டுக் காட்டியிருக்க முடியாது. செவி வழியாகத்தான் சொல்லியிருக்க வேண்டும். அசையும் சீரும் ஓசைக்குரியவையாதலின் அதில் வியப்பும் இல்லை. அன்று இயன்றது இன்றைய தேர்வு விதியில் ஏன் இயலாது?

நம் நாட்டு உயர்கல்வியில் தமிழ் புகுந்த வரலாற்றையும் இங்கே நினைவுகூரலாம். மலாயாப் பல்கலைக்கழகம் சிங்கப்பூரில் இருந்த காலத்தில், 1956இல், அதன் இந்திய இயல் துறை தோன்றியது. அங்கே தமிழுக்கு உரிய இடம் வேண்டுமென்று தமிழ் முரசு ஆசிரியர் கோ. சாரங்கபாணி இயக்கம் நடத்தி, 'தமிழ் எங்கள் உயிர்' என்ற பெயரில் நிதி திரட்டினார். பாட்டாளிகளும் தம்மால் இயன்றதைக் கொடுத்தனர். பொருளை மிகுதியாகத் தருபவன் என்று சூத்திரம் சொன்னது இவர்களை அன்று. ஆனால் அவ்வாயிலைத் திறக்க இவர்களும்தான் தோள் கொடுத்தார்கள்.

மேல்நாட்டில் இப்பொருள் பற்றிய சிந்தனை கட்டடக் கலையிலிருந்து பிறந்தது. ரொனால்டு மேஸ் என்னும் அமெரிக்கக் கட்டடக் கலைஞர், தாமே சக்கர நாற்காலியில் இயங்கியவர், எல்லார்க்கும் பொதுவான வடிவமைப்பு என்னும் கருத்தை 1980களில் பரப்பினார். படிக்கட்டைக் கட்டி முடித்துவிட்டுப் பின்னர் ஒருவர்க்காகப் பலகை சாய்ப்பதைவிட, வரைபடத்திலேயே சரிவுப் பாதையை அமைப்பது மேல் என்பது அதன் சாரம். சரிவுப் பாதை வந்தால் சுமை வண்டி தள்ளுபவர்க்கும் கைக்குழந்தையோடு வருபவர்க்கும் அது உதவும். பிரிக்பீல்ட்ஸில் மலேசியப் பார்வையற்றோர் சங்கம் இருக்கும் பகுதியில் நடந்தவர்கள் நடைபாதையின் மேடிட்ட மஞ்சள் ஓடுகளைக் கண்டிருப்பர். வழி தெரியும் கண்ணுடையாரை அவை தடுப்பதில்லை. இக்கருத்தை வகுப்பறைக்குக் கொண்டுவந்தது, 1984இல் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் தோன்றிய காஸ்ட் என்னும் அமைப்பு. கற்பவரை ஈடுபடுத்தும் வழி, பொருளைக் காட்டும் வழி, கற்றதை வெளிப்படுத்தும் வழி ஆகிய மூன்றிலும் ஒன்றுக்கு மேற்பட்ட வாயில்களை முதலிலேயே வைத்துப் பாடத்தை அமைக்க வேண்டும் என்கிறது அது.

இதைப் படித்தபோது எனக்குப் புதுமை தோன்றவில்லை. கொள்பவன் எவ்வகையில் கொள்வான் என்பதை அறிந்து, அவன் உள்ளத்தில் பதியுமாறு சொல்ல வேண்டும் என்று பாடஞ் சொல்லும் இயல்பில் பவணந்தியார் விதித்திருக்கிறார். ஒருமுறை கேட்டதை மீண்டும் கேட்டால் பிழை நீங்கும், மும்முறை கேட்டால் முறையாக எடுத்துரைக்க வரும் என்றும் சொல்கிறார். என் மாணவி விரிவுரையை ஒலிப்பதிவு செய்துகொள்ள அனுமதி கேட்டாளே, அது இந்த இரண்டாம் மூன்றாம் கேள்விக்காகத்தான். இன்னும் ஒரு கணக்கு இருக்கிறது. ஆசிரியர் சொன்னதை நன்றாகப் பற்றிக்கொண்டாலும் புலமையில் காற்பங்குதான் வரும். உடன் பயில்வோரோடு பழகுவதால் ஒரு காற்பங்கும், பிறர்க்கு எடுத்துரைப்பதால் அரைப்பங்கும் வரும். (சட்டாம்பிள்ளை முறையை ஒத்த ஒன்றைச் சென்னை எழும்பூரில் நடத்திப் பார்த்த ஆண்ட்ரூ பெல் 1797இல் அதை இலண்டனில் நூலாக்கினார், பெயரும் புகழும் அவர்க்குப் போயின.) இக்கணக்கின்படி விரிவுரை மண்டபத்தில் நாம் கொடுப்பது காற்பங்கு. மற்ற முக்காற்பங்குக்கு நம் உயர்கல்விக் கால அட்டவணையில் எவ்வளவு நேரம் இருக்கிறது?

ஆக, நன்னூலுக்குள்ளேயே இரண்டு குரல்கள் உள. ஒன்று வாயிலில் நின்று ஆளைப் பார்க்கிறது. மற்றொன்று உள்ளே வந்தவனின் உள்ளத்தைப் பார்க்கிறது. உரையாசிரியர் எவரேனும் இவ்விரண்டையும் எதிரெதிரே நிறுத்தி வினவியிருந்தால் நமக்கு நல்ல விளக்கம் கிடைத்திருக்கும். நிலம் என்னும் ஒரே உவமை நல்லாசிரியர்க்கும் இடைமாணாக்கர்க்கும் வருவதையும் எண்ணிப் பார்க்க வேண்டும். மாணாக்கராகிய நிலத்தின் விளைவு உழுபவனின் உழைப்பைப் பொறுத்தது என்றால், குறைந்த விளைச்சலுக்கு நிலத்தை மட்டும் வைவது எப்படிப் பொருந்தும்?

மாணவர் கருத்தை நாங்கள் கேட்கத்தானே செய்கிறோம், பருவ இறுதியில் மதிப்பீட்டுப் படிவம் கொடுக்கிறோமே என்று உயர்கல்வியாளர் கூறக்கூடும். பந்தி முடிந்து இலை எடுத்தபின் உப்புப் போதுமா என்று கேட்பது போன்றது அது. அடுத்த பந்திக்காரர்க்கு உதவலாம். உண்டு எழுந்தவர்க்கு உதவாது. கேட்பதாயின் பாடத்திட்டம் வரையும்போதே கேட்க வேண்டும்.

தரம் குறைந்துவிடும் என்பது இரண்டாவது தடை. இதை நான் எளிதாகத் தள்ளமாட்டேன்; தரம் குறைந்த தமிழாசிரியர் வந்து சேரும் இடம் என் பள்ளிதான். ஆனால் வெண்பாவை அசை பிரிக்கத் தெரியுமா என்பது அளவுகோல்; கோடிட்டுத்தான் காட்ட வேண்டும் என்பது அளவுகோலின் நிறம். தளை தட்டுவதைச் செவியால் கண்டு சொல்பவர், கோடிடுபவரைவிட எவ்வகையில் குறைந்தவர்? மாற்றுத் திறனாளிகள் பற்றிய நம் நாட்டுச் சட்டமும் 2008 முதல் நடப்பில் இருக்கிறது. பொதுக் கல்வியிலிருந்து அவர்களை விலக்கலாகாது என்று அது கூறுகிறது. மீறினால் என்ன என்பதைப் பற்றி அது அதிகம் பேசவில்லை.

அவள் கேட்டவற்றால் பயன்பெறுவோர் அவள் ஒருத்தி மட்டும் அல்லள். குறிப்பு முதல்நாளே வரட்டும், சுட்டுவதை வாயாலும் சொல்லட்டும், பதிவு செய்ய இடங்கொடுக்கட்டும் என்பவைதாம் அவை. பிற பாடங்களை மலாயில் படித்து, வாரத்தில் சில பாடவேளைகள் மட்டும் தமிழ் கற்று உயர்கல்விக்கு வருபவர்கள் நம் பிள்ளைகள். பழைய நூல்களுக்கு அஞ்சித் தடுமாறுபவன் என்று பட்டியலில் வருகிறானே, அவன்தான் இன்றைய வகுப்பில் பெரும்பான்மை. அவனை விலக்கினால் நன்னூல் கேட்க எத்தனை பேர் எஞ்சுவர்?

படிப்பை அவள் இன்னும் நிறுத்தவில்லை. சென்ற மாதம் தொலைபேசியில், பொதுப்பாயிரம் முழுவதையும் உரையோடு படித்துப் பதிவு செய்து தர முடியுமா என்று கேட்டாள். மூன்று மாலைகள் பிடித்தன. நூல் சொல்லத் தகாதவர் பட்டியல் வந்தபோது சற்று நிறுத்தினேன். விட்டுவிடலாமா என்றும் தோன்றியது. பிறகு அதையும் விடாமல் படித்து அனுப்பினேன். அந்தச் சூத்திரத்தைப் பற்றித்தான் கட்டுரை எழுதப் போகிறாளாம்.