திரைப்படங்களில் மின்னிசை நடனவிழா

ஒரு கலை பிறிதொரு கலையைத் தன் பொருளாகக் கொள்ளுமிடத்து அதன் ஆற்றலும் ஆற்றாமையும் ஒருங்கே வெளிப்படும். ஓவியரைப் பற்றிய திரைப்படங்கள் பல உள. பாடகரைப் பற்றியவை அவற்றினும் பல. ஆயின், மின்கருவிகளால் ஆக்கப்பட்டு, இரவு முழுவதும் ஆடுதற்கென்றே இசைக்கப்படும் இசையையும், அதனைச் சூழ்ந்தெழுந்த விழா வாழ்வையும் திரைப்படம் எடுத்தாளத் தொடங்கியது அண்மைக் காலத்திலேயாம். கடந்த முப்பதாண்டு அளவில் வெளிவந்த அத்தகைய படங்களுட் சிலவற்றை இங்கு நோக்குவாம். ஆடுங் கூட்டத்தைக் கண்டு அஞ்சும் கண் ஒன்று. அக்கூட்டத்தை விலைபேசும் கண் மற்றொன்று. இவ்விரு கண்களாலேயே இப்படங்களிற் பெரும்பாலானவை எடுக்கப்பட்டுள்ளன என்பது எமது துணிபு. மூன்றாவது கண் ஒன்றும் உண்டு. அஃது அருகியே திறக்கின்றது.

முதற்கண் அவ்விசையின் இயல்பை அறிதல் வேண்டும். சிக்காகோ நகரில் 1977இல் திறக்கப்பட்ட 'வேர்ஹவுஸ்' என்னும் நடனக்கூடத்திலே பிராங்கி நக்கிள்ஸ் என்பார் இசைத்தட்டுகளை இணைத்து இசைத்தார். அக்கூடத்தின் பெயரடியாகவே 'ஹவுஸ்' என்னும் இசைவகையின் பெயர் பிறந்தது என்பர். டெற்றோயிற் நகரிலே ஹுவான் அட்கின்ஸ், டெரிக் மே, கெவின் சோண்டர்சன் ஆகியோர் 1980களில் 'டெக்னோ'வை உருவாக்கினர். இவர் யாவரும் கறுப்பினத்தவர். வேர்ஹவுசில் ஆடியோரும் பெரும்பாலும் நிறத்தாலோ பாலியல் நாட்டத்தாலோ பிறவிடங்களிற் புறந்தள்ளப்பட்டவரே. நிமிடத்துக்கு 120 முதல் 130 வரையான தாள அடிகள் இடையறாது ஒலிக்க, ஒரு தட்டின் முடிவையும் மற்றதன் தொடக்கத்தையும் பொருத்துவாய் தெரியாவண்ணம் ஒட்டுவதே 'டிஜே'யின் தொழில். இவ்வாறு மணிக்கணக்கில் நீளும் இசையிலே ஆடுவோர் காலத்தை மறக்கின்றனர், தம்மையும் மறக்கின்றனர்.

திரைப்படமோ காலத்தைத் துண்டு துண்டாக நறுக்கும் கலை. இரவு முழுதும் நீள்வதை அது மூன்று நிமிடத்திற் காட்டல் வேண்டும். ஆயிரவரின் அனுபவத்தை ஒரு தலைவனின் கதையாக்கல் வேண்டும். இன்னுமொரு வேடிக்கையும் உண்டு. நடனக்கூடத்தில் அருகில் நிற்பவர் பேச்சும் செவிக்கு எட்டாது என்பதை ஒருமுறை சென்றோரும் அறிவர். திரையிலோ தலைவனும் தலைவியும் நடுக்கூட்டத்தில் நின்று தெளிவாக உரையாடுகின்றனர். இசை மரியாதையுடன் ஒதுங்கிக் கொள்கின்றது. உரையாடலைத் தூய்மையாகப் பதிவு செய்யும் பொருட்டுப் படப்பிடிப்பிலே இசை நிறுத்தப்பட, துணைநடிகர் ஓசையற்ற வெளியில் ஆடுவதே வழக்கம். இதனாற் போலும், இக்காட்சிகளிற் பலவற்றில் கைகள் உயர்கின்றனவேயன்றி மெய்ப்பாடு தோன்றுவதில்லை.

அஞ்சும் கண்ணுக்கு எடுத்துக்காட்டுத் தேடி நெடுந்தூரம் செல்லவேண்டியதில்லை. 1998இல் வந்த 'பிளேட்' படத்தின் தொடக்கத்திலே, இறைச்சிக்கூடமொன்றின் உள்ளே ஆடுவோர் அனைவரும் இரத்தம் குடிக்கும் பேய்கள். கூரையிலிருந்து பொழிவதும் குருதியே. இது வெறும் கற்பனையென ஒதுக்கத்தக்கதன்று. 1992 மே மாதத்தில் இங்கிலாந்தின் காசில்மோட்டன் பொதுவெளியிலே 20,000க்கு மேற்பட்டோர் கூடிப் பல நாள் ஆடினர். அதன் பின் எழுந்த கூக்குரலின் விளைவாக 1994இல் பிரித்தானியப் பாராளுமன்றம் நிறைவேற்றிய குற்றவியல் நீதிச் சட்டம், திரும்பத் திரும்ப ஒலிக்கும் தாள அடிகளையே இலக்கணமாகக் கூறி ஓர் இசையைச் சட்டத்தின் வரம்புக்குட் கொணர்ந்தது. திறந்தவெளியில் 100 பேர் கூடுவதே அன்று எல்லை; 2003இல் அது 20 ஆகக் குறைக்கப்பட்டது. பேய்க்கதையும் சட்டவாசகமும் ஒரே அச்சத்தின் இரு வடிவங்கள் என்றால் மிகையாகாது. பிறையன் வெல்ஷ் நெறிப்படுத்திய 'பீற்ஸ்' (2019) அச்சட்டக் காலத்து ஸ்கொத்லாந்தைக் களமாகக் கொண்டது. கறுப்பு வெள்ளையிற் செல்லும் அப்படம், நண்பரிருவர் ஆடுகளத்தை அடைந்த பின்னரே வண்ணத்தைச் சிறிது தொடுகின்றது. இளமையின் ஓரிரவு மட்டுமே இது, நாளை இருவரும் பிரிவர் என்பதை நெறியாளர் மறைக்கவில்லை. அதனாலேயே அவ்வாடலில் உயிர் உண்டு.

விலைபேசும் கண்ணுக்கு 'வீ ஆர் யுவர் பிரண்ட்ஸ்' (2015) தக்க சான்று. மக்ஸ் ஜோசப் நெறிப்படுத்த, சாக் எபிறன் நடித்தது. நிமிடத்துக்கு 128 அடிகள் என்னும் எண்ணே கூட்டத்தின் இதயத்துடிப்பை ஆளும் திறவுகோலெனத் தலைவன் விளக்கும் காட்சி ஒன்று இதில் உண்டு. ஆடுவோர் இங்கு இயக்கப்படும் பொறிகள்; இசை அவர்தம் விசை. இறுதியிலே பெருவிழா மேடையில் தலைவன் தன் படைப்பை இசைக்கின்றான். கூட்டத்தின் பணி அவனை அங்கீகரிப்பது மாத்திரமே. வேர்ஹவுசில் ஆடுவோரே விழாவாயிருந்தனர். இங்கோ அவர் வாடிக்கையாளராயினர். இவ்விசையைத் தோற்றுவித்த மக்கள் இக்கதையின் மையத்தில் இல்லாமையும் தற்செயலன்று.

'ஹியூமன் ட்ராபிக்' (1999) கார்டிவ் நகர இளைஞரின் வாரவிறுதியை நகைச்சுவையுடன் கூறுவது. இன்று பார்ப்பின் பேச்சு மிகுதி. 'குறூவ்' (2000) சான் பிரான்சிஸ்கோவிற் பண்டகசாலையொன்றில் நிகழும் ஓரிரவை மட்டும் எடுத்துக்கொள்கின்றது. கலைநயம் பெரிதில்லையெனினும் நேர்மையுண்டு. ஹானஸ் ஸ்ரோர் நெறிப்படுத்திய 'பேர்லின் கோலிங்' (2008) படத்திலே போல் கல்க்பிறென்னர் தாமே நடித்துத் தாமே இசையமைத்தார். மனநல மருத்துவமனைக் காட்சிகள் பழகிய தடத்திற் சென்றாலும், தனியறையில் ஒருவன் ஓர் ஒலியைத் தேடித் தேடி வடிக்கும் உழைப்பை இதுபோற் காட்டிய படம் அரிது.

இனி, மூன்றாவது கண். பிரெஞ்சு நெறியாளர் மியா ஹான்சன்-லவ் தம் தமையனார் ஸ்வென் லவ்வுடன் இணைந்தெழுதிய 'ஈடன்' (2014), 1990களில் அவர் பாரிசில் டிஜேயாக வாழ்ந்த வாழ்வைத் தழுவியது. தலைவன் போல் வீழ்ச்சியுறுகின்றான். ஆயின் அவ்வீழ்ச்சிக்கு ஒரு நாள், ஒரு நிகழ்ச்சி என்று எதுவுமில்லை. கடன் ஏறுகின்றது, காதலியர் அகல்கின்றனர், ஓவிய நண்பன் தற்கொலை செய்கின்றான், அரங்குகள் மெல்ல வெறுமையாகின்றன. இருபதாண்டு கடந்தும் நடிகரின் முகம் ஏறத்தாழ மாறாதிருப்பதைக் குறையெனக் கூறினோர் உளர். எமக்கு அதுவே படத்தின் உட்பொருளாகத் தோன்றுகின்றது. ஒரே தாளம் ஓயாது ஒலிக்கும் உலகிலே தானும் மூப்படைவதை அவன் உணரவில்லை. உலகப்புகழ் பெற்ற டாவ்ற் பங்க் இருவரும் இதில் இளைஞராக வந்து, வாயிற்காவலரால் அடையாளங் காணப்படாது தடுக்கப்படுகின்றனர். நகைச்சுவைதான்; எனினும் தோழரின் புகழுக்கும் போலின் மறதிக்கும் இடையிலுள்ள தூரத்தை அளக்கும் கோலும் அதுவே. இசை ஒலிக்கும்போது நெறியாளர் அவசரப்படுவதில்லை. கறுப்பினப் பாடகர் ஆர்னல்ட் ஜாவிஸ் தாமாகவே தோன்றுவதால், பாரிசு இவ்விசையை எங்கிருந்து பெற்றதென்பதும் மறக்கப்படவில்லை.

ஒலிவர் லாக்சேயின் 'சிறாத்' (2025) கான் விழாவில் நடுவர் பரிசைப் பகிர்ந்துகொண்டது. நரகத்தின் மேலமைந்த மயிரிழைப் பாலத்தைக் குறிக்கும் இசுலாமியச் சொல்லே அதன் பெயர். மொறொக்கோப் பாலைவனத்திற் பணியாளர் ஒலிபெருக்கிகளை ஒன்றன்மேலொன்றாக அடுக்குகின்றனர். பின்னர் இசை தொடங்குகின்றது. காணாமற்போன மகளின் படத்தை ஏந்தித் தந்தை ஒருவர் ஆடுவோரிடையே அலைகின்றார். ஆடுவோர் உண்மையிலேயே அவ்வாழ்வை வாழ்பவர்; வடுவும் ஊனமும் முதுமையும் அவர்தம் உடல்களில் உள. அழகிய இளைஞரையே காட்டும் வழக்கம் இங்கு முறிகின்றது. ஆயின் பிற்பகுதியிலே கண்ணிவெடி நிலத்தில் இவ்வாடுவோரையே ஒருவர்பின் ஒருவராகப் படம் பலிகொள்ளும்போது எமக்கு ஐயம் எழுகின்றது. ஆடலை அருளோடு நோக்கிய கண், ஆடியோரைத் தண்டிப்பதில் அந்தப் பழைய அச்சத்தோடு கைகோத்ததோ? லாக்சேயின் அன்பர் இதனை ஊழ் என்பர். எம்மால் முற்றும் உடன்படல் இயலவில்லை. எனினும் ஒலிபெருக்கிகள் எழும் அத்தொடக்கக் காட்சிக்கு நிகரானதை இவ்வகைப் படங்களில் யாம் கண்டிலம். அதனை நல்ல ஒலியமைப்புள்ள அரங்கிற் காண்டலே தகும். கைத்தொலைபேசியிற் கண்டோர் கண்டவராகார்.