குடியும் பிரசையும் வம்சாவளியும்

ஒரு நாட்டில் உரிமையோடு வாழ்வாரைக் குறிக்கும் சொல் எல்லா மொழிகளிலும் ஒரே வேரினின்று தோன்றியதன்று. சிட்டிசன் என்னும் ஆங்கிலச் சொல் நகரத்தைக் குறிக்கும் சொல்லின் வழிவந்தது. இந்தியில் வழங்கும் நாகரிக் என்பதும், சிங்களத்தில் வழங்கும் புரவெசி என்பதும் அவ்வாறே நகரையும் புரத்தையும் அடியாகக் கொண்டவை. தமிழோ நகரை நாடிற்றிலது. குடி, பிரசை என்னும் இரு சொற்களைக் கைக்கொண்டது. முன்னதைத் தமிழகமும் பின்னதை இலங்கை அரசின் தமிழும் பெரிதும் ஆண்டு வருகின்றன. இவ்வேறுபாடு சொல்லாராய்ச்சியாளர்க்கு மட்டும் உரிய பொருள் எனத் தோன்றலாம். பதுளை, பசறை, லுணுகலை, அப்புத்தளை ஆகிய ஊவாத் தோட்டப் பகுதிகளில் அஃது அவ்வளவில் நின்றதில்லை.

குடி என்பது பழைய சொல். அதனாலேயே பல பொருட்சுமைகளைத் தாங்கிய சொல். திருக்குறளில் குடிமை என்று பெயர்பெற்ற அதிகாரம் நற்குடிப் பிறந்தாரின் இயல்பைப் பேசுவதேயன்றி, எல்லார்க்கும் பொதுவான உரிமையைப் பேசுவதன்று. பிற்கால வழக்கிலோ நாவிதர், வண்ணார் முதலாகப் பரம்பரைத் தொழில்புரிந்தோரே குடிமக்கள் எனப்பட்டனர். யாழ்ப்பாணத்துப் பேச்சில் அப்பொருள் நெடுங்காலம் நிலைத்திருந்தது. தோட்டங்களில் இதற்கு நேர்மாறான வழக்கு ஒன்று உண்டு. அங்கே குடியானவர் என்றால் தம்மை மேலோராகக் கருதிய சாதியார் என்பது பொருள். இவ்வாறு ஒரே சொல் ஓரிடத்திற் பணிவையும் மற்றோரிடத்தில் உயர்வையும் குறித்தது. சமன்மையை எவ்விடத்தும் குறித்திலது. மதுக்கடைப் பேச்சில் குடிமகன் அடைந்துள்ள ஏளனப்பொருளைப் பற்றி ஈண்டு உரைக்கவேண்டுவதில்லை.

பிரசை என்னும் வடசொல் இச்சாதிவாடை அற்றது. அலுவலகத் தமிழுக்கு அது வாய்ப்பாக அமைந்ததில் வியப்பில்லை. ஆயினும் அதன் முதற்பொருள் சந்ததி என்பதும், அரசனுக்குப் பிள்ளைபோல் அடங்கி நடப்போர் என்னும் கருத்தினின்றே அது நாட்டு மக்களைக் குறிக்கலாயிற்று என்பதும் மறக்கத்தக்கன அல்ல. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம், சொல்லின் வேரைத் தேடிப் பிடித்து இயற்றப்பட்டது போன்று, சந்ததியையே அளவுகோலாக்கியது. அவ்வாண்டு நவம்பர் 15ஆம் நாளுக்கு முன் இலங்கையிற் பிறந்தவர் அப்பிறப்பினாலேயே பிரசையாதல் இயலாது. தந்தையேனும் இலங்கையிற் பிறந்திருத்தல் வேண்டும். அன்றேல் தந்தைவழிப் பாட்டனும் பூட்டனும் இங்குப் பிறந்திருத்தல் வேண்டும். லயத்தில் மூன்று தலைமுறை வாழ்ந்த குடும்பத்திற் பாட்டன் பிறந்ததற்கு எழுத்துச் சான்று கேட்டால் எங்கிருந்து கிடைக்கும்? முந்திய ஆண்டுத் தேர்தலில் இலங்கை இந்தியன் காங்கிரஸிற்கு ஏழு உறுப்பினரைத் தந்த மக்கள், 1949ஆம் ஆண்டின் தேர்தல் திருத்தச் சட்டத்தோடு வாக்காளர் பட்டியலினின்று பெரும்பாலும் மறைந்தனர்.

வம்சாவழிப் பிரசை, பதிவுப் பிரசை என இருவகையினரைச் சட்டம் வகுத்தது. 1949ஆம் ஆண்டின் 3ஆம் இலக்கச் சட்டத்தின்கீழ்ப் பதிவு வேண்டி ஏறக்குறைய 8 இலட்சத்து 24 ஆயிரம் பேர் சார்பில் விண்ணப்பங்கள் சென்றன. ஏற்கப்பட்டோர் ஏறக்குறைய 1 இலட்சத்து 34 ஆயிரம் பேரே. எஞ்சியோர்க்கு நாடற்றவர் என்னும் பெயர் நிலைத்தது. மொழிபெயர்ப்பு மூலத்தினும் கொடிதானமைக்கு இது தக்க சான்று. எந்த அரசும் தன்னவர் என்று ஏற்காதவர் என்பதே ஆங்கிலச் சொல்லின் பொருள். தமிழ்ச் சொல் அரசை விட்டு நாட்டையே பறித்துவிட்டது. நமுனுகுல மலைச்சரிவிற் பிறந்து அங்கேயே கொழுந்து பறிப்பவர்க்கு அரசு இல்லாதிருக்கலாம். நாடு எவ்வாறு இல்லாதுபோகும்? கள்ளத்தோணி என்னும் வசைமொழி பகைவர் வாயிற் பிறந்தது. நாடற்றவர் என்பதோ இரங்குவோர் வாயிலும் இயல்பாக வழங்கிற்று. அதனாலேயே கூடுதலாக ஆராயத்தக்கது.

1964 அக்டோபர் 30இல் ஸ்ரீமாவோ பண்டாரநாயக்காவும் லால் பகதூர் சாஸ்திரியும் செய்துகொண்ட உடன்படிக்கை 9 இலட்சத்து 75 ஆயிரம் பேரைப் பங்கிட்டது. 5 இலட்சத்து 25 ஆயிரம் பேர் இந்தியாவுக்கும், 3 இலட்சம் பேர் இலங்கைக்கும் எனக் கணக்கிட்டு, எஞ்சிய ஒன்றரை இலட்சம் பேரின் முடிவு தள்ளிவைக்கப்பட்டது. அவர்களும் 1974இற் சரிபாதியாகப் பிரிக்கப்பட்டனர். கப்பலேறியோர்க்குத் தமிழக அரசு சூட்டிய பெயர் தாயகம் திரும்பியோர் என்பது. பசறையிற் பிறந்து, தமிழகத்தை ஒருநாளும் கண்டிராதவர் எங்கே திரும்பினார்? நீலகிரியில் அவர்களுக்கெனவே 1968இல் அரசு தேயிலைத் தோட்டங்கள் தொடங்கப்பெற்றன. அங்கே அயலார் அவர்களை அழைத்த பெயர் சிலோன்காரர். ஊவாவில் இந்தியர், நீலகிரியிற் சிலோன்காரர். எவ்விடத்தும் அவ்விடத்தவர் என்னும் பெயர் மட்டும் வாய்த்திலது.

1988ஆம் ஆண்டின் சட்டமும், 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டமும் நாடற்ற நிலைக்கு முடிவு கட்டின. இவை பாராட்டற்குரியன. எனினும் 2003ஆம் ஆண்டுச் சட்டத்தின் தலைப்பே இந்திய வம்சாவளியினர்க்குப் பிரசாவுரிமை வழங்குதல் என்பதாகும். இலங்கையில் வம்சாவளி காட்ட இயலவில்லை என்று 1948இல் மறுக்கப்பட்டோர்க்கு, இந்திய வம்சாவளியினர் என்ற பெயருடனேயே உரிமை மீண்டது. வழக்கை வென்றவர் கையில் எதிரியின் வாதத்தையே தீர்ப்பாக எழுதிக் கொடுத்தாற் போன்றது இது. அப்பெயரை விரும்பி ஏற்பாரும் உளர். இந்தியாவின் ஆதரவு நழுவலாகாது என்பது அன்னார் கருத்து. அது நியாயமான அச்சமே; ஆனால் அரசியல் உதவி வேறு, ஒருவரின் பெயர் வேறு.

இனி, 1911 முதல் குடிக்கணக்கெடுப்பு வகுத்துள்ள இலங்கைத் தமிழர், இந்தியத் தமிழர் என்னும் பிரிவை நோக்குக. இலங்கைத் தமிழர் என்னும் தொடரைத் தமிழறிந்த எவரும் இலங்கையில் வாழும் தமிழர் என்றே கொள்வர். கணக்கெடுப்பிலோ லுணுகலையிற் பிறந்தவர் அத்தொடருக்குப் புறம்பானவர். இதனால் மலைநாட்டில் தம்மை இலங்கைத் தமிழர் என்றே பதிந்துகொண்டோர் பலர். சொல்லின் நேர்பொருளை நம்பிய அவர்களைக் குறை கூறுதற்கில்லை. ஆயினும் அதன் பயனாகத் தோட்டமக்களின் தொகை ஏட்டிற் குறைந்தது. 1981இல் நாட்டு மக்களுள் 5.5 சதவீதமாகக் காட்டப்பட்ட இந்தியத் தமிழர் 2012இல் 4 சதவீதத்துக்குச் சற்று மேலாகவே காட்டப்பட்டனர். குடிபெயர்வு ஒரு காரணம், பெயர்மாற்றம் மற்றொன்று. தோட்டங்களில் பேர் என்பது ஒருநாள் வேலையின் பதிவுக்கும் பெயர். குறைந்த கொழுந்துக்கு அரைப்பேர் போடுவர். கணக்கெடுப்பும் இம்மக்களுக்கு அரைப்பேரே போட்டது.

மலையகத் தமிழர் என்பது அவர்கள் தாமே தேர்ந்த பெயர். தோட்டத் தமிழர் என்பது பதுளைக் கடைவீதியின் வணிகரையும் பள்ளி ஆசிரியரையும் உள்ளடக்காது; மலையகத் தமிழர் என்பது உள்ளடக்கும். ஆனால் சிங்களத்தில் அதனைப் பெயர்க்குங்கால் ஓர் இடர் உண்டு. மலைநாட்டுக்கு அம்மொழியில் வழங்கும் உடரட என்னும் சொல் கண்டிச் சிங்களவர்க்கு உரியதாகிவிட்டது. ஊவாச் சிங்களவரும் 1818ஆம் ஆண்டுக் கிளர்ச்சியின் நினைவோடு தம் மலைகளைப் போற்றுவோரே. வத்து தெமள, அதாவது தோட்டத் தமிழர், என்பது மீண்டும் மக்களைத் தோட்டத்துள் அடைக்கும். ஆதலின் மலையக என்னும் தமிழ்ச்சொல்லையே சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் அவ்வாறே எழுதுதல் பொருத்தம். 2024ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பு இதனை ஓரளவு செய்தது: இந்தியத் தமிழர் என்பதன் பக்கத்தில் மலையகத் தமிழர் என்பதையும் அமைத்தது. அடுத்த கணக்கெடுப்பில் முன்னதை நீக்கிப் பின்னதை மட்டும் வைத்தலே முறை. கடவுச்சீட்டிலும் விண்ணப்பத்திலுமோ இவ்வடைமொழிகளுள் எதுவும் வேண்டா. அங்கே குடி, பிரசை என்னும் இரண்டனுள் ஒன்றைத் தெரிய நேரின், குடியிருத்தல் என்னும் பொருள் இன்னும் உயிரோடிருக்கும் குடியுரிமை என்னும் சொல்லே, பழங்கறைகள் பல இருப்பினும், பாட்டன் பெயரைக் கேளாத சொல்.