நவாஹோ டர்க்காய்ஸ், சிப்பி நகைகள்

நவாஹோ டர்க்காய்ஸ், சிப்பி நகைகள் அமெரிக்காவின் தென்மேற்கில் அரிசோனா, நியூ மெக்சிகோ, யூட்டா மாநிலங்களில் வாழும் நவாஹோ பழங்குடியினர் கையால் செய்யும் அணிகலன்கள். இம்மக்கள் தம்மை 'டினே' என்று அழைத்துக்கொள்கின்றனர். வெள்ளியில் பதித்த பசுநீலக் கல்லே இந்நகைகளின் அடையாளமாக அறியப்படுகிறது. ஆயினும் இக்கலையில் வெள்ளி பிந்தி வந்தது. கல்லும் சிப்பியும் முந்தியவை.

கல்லும் சிப்பியும்

டர்க்காய்ஸ் செம்பும் அலுமினியமும் அடங்கிய பாஸ்பேட் கனிமம். செம்பால் நீல நிறம் வருகிறது. இரும்பு சேரும்போது பச்சை கலக்கிறது. கல்லினூடே ஓடும் கருமை, பழுப்பு இழைகள் தாய்ப்பாறையின் எச்சங்கள்.

நவாஹோ மரபில் நான்கு திசைகளுக்கும் புனித மலைகள் உண்டு. கிழக்கு மலைக்கு வெண்சிப்பி, தெற்கு மலைக்கு டர்க்காய்ஸ், மேற்கு மலைக்கு அபலோன் என்னும் பலநிறச் சிப்பி, வடக்கு மலைக்குக் கருநிற ஜெட் ஆகியவை உரியவை. நான்கில் இரண்டு கடல் தந்தவை. கடலோரம் இல்லாத வறண்ட நிலத்துக்குப் பசிபிக் கரையிலிருந்தும் கலிபோர்னியா வளைகுடாவிலிருந்தும் சிப்பிகள் கைமாறி வந்தன.

'ஜாக்லா' என்னும் காதணி வளையங்களில் சிறு டர்க்காய்ஸ் மணிகளின் நடுவே சிப்பித் துண்டுகள் கோக்கப்படும். காதில் அணியாதபோது அவற்றை மணிமாலையின் அடியில் தொங்கவிடுவர். இத்தகைய மணிகள் பலவும் அண்டையிலுள்ள கேவா புவெப்லோ மக்களின் கைவேலை. வணிகத்தின் வழியே நவாஹோ மக்களிடம் வந்தவை.

வெள்ளியின் வருகை

முதல் நவாஹோ வெள்ளிக் கொல்லராகப் பொதுவாகக் கருதப்படுபவர் அட்சிடி சானி. 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் மெக்சிகோக் கொல்லர் ஒருவரிடம் அவர் உலோக வேலை பயின்றார். 1864 முதல் 1868 வரை நவாஹோ மக்கள் போஸ்கே ரெடோண்டோவில் சிறைவைக்கப்பட்டனர். ஊர் திரும்பிய பின் வெள்ளி வேலை பரவியது. நாணயங்களை உருக்கி நகை செய்தனர். 1880 அளவில் வெள்ளியில் டர்க்காய்ஸ் பதிக்கும் வழக்கம் தொடங்கியது.

பூசணிப்பூ மாலை இதன் புகழ்பெற்ற வடிவம். அதன் 'பூக்கள்' ஸ்பானியர் உடையில் அணிந்த மாதுளை உருவ அணிகளை ஒத்தவை. மாலையின் அடியில் தொங்கும் 'நாஜா' என்னும் பிறை, மூர் மக்களிடமிருந்து ஸ்பானியரின் குதிரைக் கடிவாளத்துக்கு வந்து, அங்கிருந்து நவாஹோ மார்புக்கு வந்தது.

மதிப்பீடு

இந்நகைகளைப் பேசுவோர் பலர் 'பழையதே தூயது' என்ற அளவுகோலைப் பிடிக்கின்றனர். இவ்வளவுகோல் பொருந்தாது. சிப்பி கடலிலிருந்தும், மணி அண்டை ஊரிலிருந்தும், பிறை வேறொரு கண்டத்திலிருந்தும் வந்தன. இக்கலை தொடக்கம் முதலே கடன் வாங்கி வளர்ந்த கலை. கடன் வாங்கியதைத் தமதாக்கிய விதத்தில்தான் அதன் தனித்தன்மை உள்ளது.

நல்ல நவாஹோ வேலைப்பாட்டில் கல்லின் இயல்பான உருவத்துக்கு ஏற்ப வெள்ளி விளிம்பு வளைகிறது. பாறை இழை குறையாக மறைக்கப்படுவதில்லை. சுற்றிலும் வெறுமையான வெள்ளிப் பரப்பு விடப்படுவதால் கல் தனித்து எழுகிறது. அண்டையிலுள்ள சூனி மக்களோ நுண்ணிய கற்களை வரிசையாக வெட்டிப் பதிப்பதில் தேர்ந்தவர்கள். இரண்டும் வேறு அழகுகள்; ஒன்றைக் கொண்டு மற்றதை அளப்பது தவறு.

1899இல் பிரெட் ஹார்வி நிறுவனம் இரயில் பயணிகளுக்காக எடை குறைந்த நகைகளைச் செய்யச் சொன்னது. மெல்லிய வெள்ளியும் ஒரே அளவான கற்களும் பெருகின. கைவினைஞருக்கு வருவாய் கிடைத்தது. ஆனால் கல்லுக்காக வெள்ளி வளைந்த நிலை மாறி, அச்சுக்கேற்பக் கல் வெட்டப்பட்டது.

இதைவிடப் பெரிய கேடு போலி. சாயமேற்றிய ஹவ்லைட் கல்லும் நெகிழிக் கட்டியும் டர்க்காய்ஸ் என்ற பெயரில் விற்கப்படுகின்றன. வெளிநாட்டில் செய்த நகை நவாஹோ வேலை என்று விற்கப்படுகிறது. பழங்குடியினர் செய்ததாகப் பொய் சொல்லி விற்பதை அமெரிக்காவின் 1990ஆம் ஆண்டுச் சட்டம் குற்றமாக்கியுள்ளது. அதன்பின்னும் போலி ஒழியவில்லை. மலிவுப் போலியுடன் விலையில் போட்டியிட முடியாத கைவினைஞர் பட்டறையை மூடினால், அவர் பிள்ளைக்குக் கற்றுத்தரும் வேலையும் அத்துடன் நின்றுபோகும்.

கடன் வாங்குவது வேறு, போலி செய்வது வேறு. நாஜாவை எடுத்துக்கொண்ட கொல்லர் அதைத் தம் பெயரில், தம் கையால் செய்தார். போலி செய்பவரோ செய்தவரின் பெயரையே திருடுகிறார். ஆகவே ஒரு நவாஹோ நகையை மதிப்பிடுவோர் அதன் வயதையோ வெள்ளியின் எடையையோ முதலில் பார்க்க வேண்டியதில்லை. செய்த கை யாருடையது என்பதே முதல் கேள்வி.