படிநிலைகளும் வாசகரும்: ஈழத்துத் தமிழ் நூற்றெரிவு பற்றிய ஒரு நோக்கு

நல்ல நூல்கள் எவை என வினவுவோருக்குப் பட்டியலொன்றைக் கொடுத்தல் கற்றறிந்தோரின் நெடுநாள் வழக்கமாகும். கொடுப்பவர் தமக்குப் பிடித்தவற்றைக் கூறுகிறார். பெறுபவர் அவற்றுட் சிலவற்றைத் தேடிப் படிக்கிறார். இதனைத் தனிமனித இரசனை சார்ந்த விடயமாகவே பலரும் கருதுவர். ஆயின், ஒரு நூல் ஒருவருக்குப் பிடிப்பதற்கு முன்னர் அந்நூல் அச்சேறியிருத்தல் வேண்டும். அவரது கைக்கு எட்டியிருத்தல் வேண்டும். அதனைப் படித்தற்கான எழுத்தறிவும் ஓய்வும் அவருக்கு வாய்த்திருத்தல் வேண்டும். இம்மூன்றையும் தீர்மானிப்பவை சமுதாய நிலைமைகளே. ஆகவே, நூல்களை விதந்துரைக்கும் திறனாய்வாளன் தனது விருப்பத்தை மட்டுமன்றி, அவ்விருப்பத்துக்கான காரணங்களையும் வெளிப்படையாகக் கூறக் கடமைப்பட்டவனாகிறான்.

இக்கட்டுரை ஈழத்துத் தமிழ் நூல்கள் சிலவற்றை, இலக்கிய வகையும் வாசகர் வயதும் கருதி, விதந்துரைக்க முற்படுகிறது. முழுமையான நூற்றொகையொன்றை வழங்குதல் இதன் நோக்கமன்று. பாலர் முதல் பல்கலைக்கழக மாணவர் வரை செல்லும் வாசிப்புப் பாதை நம்மிடையே எவ்விடத்தில் அறுந்துள்ளது என்பதைக் காண்பதே நோக்கமாகும்.

1

வாசகரை வயதுவாரியாக வகுத்து நூல் வழங்கும் முறை நம் நாட்டில் நவீன பள்ளிக்கூடத்தோடும் அச்சியந்திரத்தோடும் சேர்ந்து வளர்ந்ததாகும். 1848இல் வண்ணார்பண்ணையில் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கிய ஆறுமுக நாவலர், அடுத்த ஆண்டிலேயே அச்சகத்தையும் நிறுவினார். அவரது பாலபாடங்கள் எளியதிலிருந்து அரியதற்குச் செல்லும் வண்ணம் படிநிலை வகுத்து எழுதப்பட்டவை. மிஷனரிமாரின் பாடநூல்களுக்கு எதிராக, சைவச் சூழலில் தமிழ்ப் பிள்ளையொன்று கற்பதற்கான ஏணியை அவர் சமைத்தார். தமிழ் உரைநடை வரலாற்றில் இதன் முக்கியத்துவம் மறுக்கற்பாலதன்று.

எனினும், ஏணி இருந்தமையால் எல்லாரும் ஏறினர் எனக் கொள்ளலாகாது. நிலமானிய உறவுகள் இறுகியிருந்த யாழ்ப்பாணச் சமுதாயத்தில் தாழ்த்தப்பட்ட மக்களின் பிள்ளைகளுக்குப் பள்ளிக் கதவுகள் நெடுங்காலம் மூடியே இருந்தன. 1920களின் இறுதியிலும் பள்ளிகளிற் சம ஆசனம் வழங்குவது பெருஞ் சர்ச்சைக்குரிய விடயமாக இருந்தது. பள்ளிக் கல்வியை இடையில் விட்டு முடிதிருத்தும் நிலையத்தில் தொழில் செய்த டொமினிக் ஜீவா (1927–2021) பின்னர் சிறுகதையாசிரியராகவும், 1966 முதல் ‘மல்லிகை’யின் ஆசிரியராகவும் விளங்கியமை இப்பின்னணியில் வைத்து நோக்கற்பாலது. பள்ளி வகுத்த ஏணிக்கு வெளியே நூலும் சஞ்சிகையும் தோழமையும் அவருக்கு வேறோர் ஏணியாயின. வாசிப்பின் வரலாற்றைப் பாடவிதானத்தின் வரலாறாகச் சுருக்கிவிடுதல் தவறாகும்.

2

இனி நூல்களுக்கு வருவோம். எழுத்தறியாப் பிள்ளைக்கு முதல் நூல் செவிவழியாகவே வருகிறது. நவாலியூர் சோமசுந்தரப் புலவரின் (1878–1953) சிறுவர் பாடல்களை இந்நிலைக்கு முதலில் விதந்துரைக்கலாம். ‘ஆடிப்பிறப்பு’ப் பாடல் கூழும் கொழுக்கட்டையும் சமைக்கும் ஒரு வீட்டின் தொழிற்பாடுகளைப் பிள்ளையின் கண்ணாற் காண்கிறது. அரிசியும் தேங்காயும் பனங்கட்டியும் குறைவின்றிக் கிடைக்கும் வீடு அது என்பதை வளர்ந்த வாசகர் மறத்தலாகாது. ஆயினும், உணவு உழைப்பால் உருவாகிறது என்பதைப் பிள்ளைக்குச் சுவைபடக் காட்டும் பாடல்கள் தமிழில் மிகுதியாக இல்லை. ‘கத்தரி வெருளி’யோ வேறொரு பயனுடையது. தோற்றத்தால் அச்சுறுத்தும் ஒன்று உள்ளீடற்றதாகவும் இருக்கலாம் என்ற அறிவைச் சிரிப்போடு சேர்த்து அது வழங்குகிறது. சமயநெறியிலும் மரபுக் கல்வியிலும் ஊறிய புலவரொருவரிடமிருந்து இப்பாடல்கள் பிறந்தமை, ஆக்கம் சில வேளைகளில் ஆசிரியரது கொள்கையினும் அகன்று செல்லும் என்பதற்குச் சான்றாகும்.

எட்டு வயதுக்கும் பன்னிரண்டு வயதுக்கும் இடைப்பட்டோருக்கு நாடகத்தையே முதன்மைப்படுத்த வேண்டும். இவ்வயதில் வாசிப்புத் தனிமையான செயலாக இன்னும் மாறவில்லை. உரத்துப் படித்தலும் நடித்தலும் ஒன்றோடொன்று கலந்திருக்கும். குழந்தை ம. சண்முகலிங்கத்தின் ‘கூடி விளையாடு பாப்பா’, சி. மௌனகுருவின் ‘தப்பி வந்த தாடி ஆடு’ ஆகியன இவ்வகையிற் குறிப்பிடத்தக்கவை. அறநெறிப் போதனையைப் பெரியவர் குரலில் ஒப்புவிக்கும் பள்ளி நாடக மரபிலிருந்து விலகி, ஆடலையும் பாடலையும் கூட்டுச் செயலையும் இவை அடிப்படையாகக் கொண்டன. இவற்றை மௌனமாகப் படிக்கும்படி பிள்ளையிடம் கொடுப்பதிலும் பார்க்க, ஐந்து பிள்ளைகளிடம் ஒரு பிரதியைக் கொடுப்பதே பொருத்தமானது.

3

பன்னிரண்டு வயதுக்கும் பதினேழு வயதுக்கும் இடைப்பட்ட பருவமே நம் சிந்தனையைப் பெரிதும் வேண்டி நிற்பது. சிறுவர் பாடலைத் தாண்டியவர்களாயும் ‘பெரிய’ இலக்கியத்துக்கு இன்னும் ஆயத்தமாகாதவர்களாயும் உள்ள இவர்களுக்கென எழுதப்பட்ட தமிழ் நூல்கள் ஈழத்தில் மிகக் குறைவு. ஐந்தாந்தரப் புலமைப்பரிசில் பரீட்சையில் தொடங்கிக் க.பொ.த. உயர்தரம் வரை நீளும் போட்டியில், பாடநூலும் வினாவிடைத் தொகுப்பும் ரியூசன் குறிப்புகளும் இப்பருவத்தின் நேரத்தை விழுங்கிவிடுகின்றன. கல்வி பண்டமாகும் சமுதாயத்தில் பரீட்சைக்கு உதவாத நூல் பயனற்ற நூலாகிறது. வாசிப்புப் பாதை அறுந்துகிடப்பது இங்கேதான்.

ஒரு காலத்தில் இவ்விடைவெளியை இருவேறு ஊற்றுக்கள் ஓரளவு நிரப்பின. மாஸ்கோவிலிருந்து மலிவு விலையில் வந்த தமிழ் மொழிபெயர்ப்புகள் ஒன்று. சிங்கிஸ் ஐத்மாத்தவின் ‘முதல் ஆசிரியர்’ போன்ற குறுநாவல்கள் நம் பதின்வயதினர் பலரைக் கதையிலிருந்து இலக்கியத்துக்கு இட்டுச் சென்றன. சோவியத் ஒன்றியம் 1991இற் கலைந்ததோடு அவ்வூற்று வற்றியது. மற்றையது, 1970களின் முற்பகுதியில் தென்னிந்தியச் சஞ்சிகைகளின் இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்ட சூழலில் உள்நாட்டில் ஏற்பட்ட வெளியீட்டு எழுச்சி. வீரகேசரி வெளியீடுகளாக வந்த மலிவு நாவல்கள் இவ்வெழுச்சியின் விளைவாகும். இவற்றை வணிக நாவல்கள் என்று கூறி ஒதுக்கியவர்களும் உளர். சந்தைத் தேவையால் எழுதப்பட்ட பல அவற்றுள் இருந்தன என்பது உண்மையே. ஆயினும், நம் மண்ணின் ஊர்ப்பெயர்களையும் பேச்சையும் தொழில்களையும் அச்சிற் கண்ட வாசகர் கூட்டமொன்றை அவை உருவாக்கின.

இப்பருவத்தினருக்கு நான் முதலில் விதந்துரைப்பது அ. பாலமனோகரனின் ‘நிலக்கிளி’ (1973). வன்னியின் தண்ணிமுறிப்பைக் களமாகக் கொண்ட இந்நாவல், காட்டோடும் வயலோடும் வாழும் பதஞ்சலி என்னும் பெண்ணின் கதையைக் கூறுகிறது. எளிதிற் பிடிபட்டுவிடும் பறவையொன்றின் பெயரை அவளுக்குக் குறியீடாக ஆசிரியர் ஆள்கிறார். வெளியுலகம் ஆசிரியத் தொழில் பார்க்கும் இளைஞன் ஒருவனின் உருவிற் காட்டோரத்துக்கு வருகிறது. அதனால் விளையும் சலனத்தை நாவல் நிதானத்தோடு சித்திரிக்கிறது. வன்னி மக்களின் வறுமையை இயற்கையின் எழில் ஓரளவு மறைத்துவிடுகிறது என்பது அதன் குறை. ஆனால், அக்கிராமத்து மக்கள் 1980களின் நடுப்பகுதியில் இடம்பெயர்ந்த பின்னர், நாவல் எழுதப்பட்ட காலத்தில் எவரும் எண்ணியிராத ஆவணப் பெறுமதியை அது பெற்றுவிட்டது. தன் பெற்றோர் பிறந்த ஊரைக் கண்டிராத பிள்ளைக்கு இந்நூல் எத்தகையது என்பதை விளக்க வேண்டியதில்லை.

செங்கை ஆழியானின் ‘வாடைக்காற்று’ (1973) நெடுந்தீவுக் கரைக்குப் பருவகாலத்தில் வந்து வாடியமைத்துத் தொழில் செய்யும் மீனவரின் வாழ்வைப் பேசுகிறது. 1978இல் இது திரைப்படமாகவும் வெளிவந்தது. காதலை மையமாகக் கொண்ட கதைப்பின்னல் இளையோரை ஈர்க்கும். அதனூடே கடற்றொழிலின் இயல்பும், வந்தோருக்கும் ஊரவருக்கும் இடையிலான முரண்பாடும் புலப்படும். அவரது ‘ஆச்சி பயணம் போகிறாள்’ யாழ்ப்பாணத்துக் கிராமத்து ஆச்சியின் கதிர்காமப் பயணத்தை நகைச்சுவையோடு கூறுவது. நகைச்சுவையைத் தரங்குறைந்ததாகக் கருதும் மனப்பான்மை நம் திறனாய்வாளரிடை உண்டு. பேரனும் பேத்தியும் ஆச்சியும் சேர்ந்து படித்துச் சிரிக்கத்தக்க நூலொன்று வாசிப்புப் பழக்கத்துக்கு ஆற்றும் பணியை அவர்கள் எண்ணிப் பார்த்தல் நன்று. இவற்றோடு ஜீவாவின் ‘தண்ணீரும் கண்ணீரும்’ (1960) தொகுதியையும் சேர்த்துக்கொள்ளலாம்.

4

பதினெட்டு வயதை அடைந்தோருக்குக் கவிதையும் சிறுகதையும் கடினமானவற்றுக்கான வாயில்களாகும். மஹாகவியின் ‘கோடை’ (1970) பா நாடகம், வெள்ளையராட்சிக் காலத்து நாதஸ்வரக் கலைஞர் குடும்பமொன்றில் மகளின் திருமணம் பற்றி எழும் முரண்பாட்டைச் சித்திரிக்கிறது. கலையை நம்பும் தந்தைக்கும் உத்தியோகத்தின் அதிகாரத்தை நாடும் தாய்க்கும் இடையிலான போராட்டம், குடியேற்றவாதம் அடுப்படி வரை நுழைந்தமையைக் காட்டுகிறது. பேச்சோசையைச் செய்யுளுக்குள் கொண்டுவந்த அதன் மொழி, செய்யுள் என்றாலே அஞ்சும் மாணவரது அச்சத்தைப் போக்க வல்லது. அடுத்து எம்.ஏ. நுஃமானும் அ. யேசுராசாவும் தொகுத்த ‘பதினொரு ஈழத்துக் கவிஞர்கள்’ (1984), யாழ்ப்பாணத்திற் பெண்களின் கவிதைகளைத் தொகுத்து வந்த ‘சொல்லாத சேதிகள்’ (1986) ஆகிய இரண்டையும் ஒருங்கு வைத்துப் படிக்க வேண்டும். முன்னையதில் விடுபட்ட குரல்கள் எவை என்ற வினாவுக்குப் பின்னையது விடையளிக்கிறது.

சிறுகதையில் என்.எஸ்.எம். இராமையாவின் ‘ஒரு கூடைக் கொழுந்து’ (1980) தொகுதியை முன்வைக்கலாம். தலைப்புக் கதையில், கொழுந்து பறிக்கும் பெண்ணின் உழைப்பை அளக்கும் தராசு அவளது மானத்தையும் அளக்கும் கருவியாகிறது. உழைப்பின் அளவுக்கும் மனித மதிப்புக்கும் முதலாளித்துவ உற்பத்தி ஏற்படுத்தும் பிணைப்பை, கோட்பாட்டுச் சொல் எதுவுமின்றி ஒரு கதை இவ்வளவு தெளிவாக உணர்த்துவது அரிது. இதனோடு சி.வி. வேலுப்பிள்ளை தொகுத்த ‘மலைநாட்டு மக்கள் பாடல்கள்’ (1983) சேருமாயின், எழுத்தறிவு மறுக்கப்பட்டோரின் இலக்கியமும் எழுதப்பட்ட இலக்கியமும் ஒன்றையொன்று விளக்குவதைக் காணலாம். இப்பாடற்றொகுதிக்கு வயதெல்லை இல்லை. தோட்டத்து முதியோரிடம் படித்துக்காட்டப்படும்போதே அது முழுமை பெறுகிறது.

முதிர்ந்த வாசகருக்குரிய நாவலாகக் கே. டானியலின் ‘பஞ்சமர்’ (1972) என் தெரிவாகும். 1966 ஒக்ரோபர் 21 ஊர்வலத்தின் பின்னர் எழுந்த தேநீர்க்கடை, ஆலயப் பிரவேசப் போராட்டங்களின் பின்னணியில் உருவான படைப்பு இது. பாத்திரங்கள் சில வகைமாதிரிகளாகவே நின்றுவிடுகின்றன என்பதையும் ஆசிரியர் கூற்று இடையிடையே கதையை மறிக்கிறது என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. குறைகளைச் சுட்டுவது முற்போக்கு இலக்கியத்துக்கு ஊறு செய்வதாகாது. ஒடுக்கப்பட்ட மக்கள் இரக்கத்துக்குரியோராக அன்றித் தம் வரலாற்றைத் தாமே ஆக்குவோராகத் தமிழ் நாவலில் இத்துணை விரிவாகத் தோன்றியது இதன் தனிச் சிறப்பு. இதனைப் படித்தபின், நாவல் என்னும் வடிவத்தின் சமுதாய வேர்களை ஆராயும் க. கைலாசபதியின் ‘தமிழ் நாவல் இலக்கியம்’ (1968) நூலைப் படித்தல் பொருத்தம். படைப்பைக் கண்ட பின்னரே திறனாய்வைக் காணவேண்டும். பரீட்சையை முன்னிட்டு நம் மாணவர் பெரும்பாலும் இவ்வரிசையைத் தலைகீழாக்குகின்றனர்.

5

மேற்கூறிய நூல்களுள் எத்தனையைப் பாடசாலை நூலகமொன்றில் ஒரு மாணவர் இன்று கையிலெடுக்க முடியும் என்ற வினா எழாமற் போகாது. 1981 மே 31ஆந் திகதி இரவு மூட்டப்பட்ட தீயில் ஏறத்தாழ 97,000 நூல்களோடு யாழ்ப்பாணப் பொது நூலகம் அழிந்தமை உலகறிந்தது. சிறுவர்க்கெனவும் ஒரு பகுதியைக் கொண்டிருந்த நூலகம் அது. கிடைத்தற்கரிய ஏடுகளின் இழப்பைப் பற்றி நாம் நிறையப் பேசியுள்ளோம். நூலை இரவல் பெற்று வீட்டுக்கு எடுத்துச் சென்ற இளைய வாசகரின் இழப்பைப் பற்றிப் பேசியது குறைவு. தொடர்ந்த யுத்தமும் இடப்பெயர்வும் வீடுகளில் இருந்த நூல்களையும் சிதறடித்தன. 2005இல் தொடங்கப்பட்ட நூலகம் இணைய நூலகம் ஈழத்து நூல்களை எண்ணிம வடிவிற் பாதுகாத்துவருவது அளப்பரிய பணியாகும். ஆய்வாளருக்கு அது பெருந்துணை. ஆயினும் தேடத் தெரிந்தவருக்கே அது திறக்கும். எதைத் தேட வேண்டும் என்பதை அறியாத பதின்மூன்று வயதுப் பிள்ளைக்குக் கையிற் கொடுக்கும் நூலும், கொடுக்கும் ஆசிரியரும் வேண்டும்.

1954இல் இலங்கை முற்போக்கு எழுத்தாளர் சங்கம் தோன்றிய காலந்தொட்டு, இலக்கியம் யாருக்காக என்னும் வினாவை நம் இயக்கம் வலிமையோடு எழுப்பிவந்துள்ளது. அதற்குரிய விடையாக உழைக்கும் மக்களைச் சுட்டினோம். அம்மக்களின் பிள்ளை எந்த வயதில், எந்த நூலினூடாக, யாருடைய துணையோடு வாசகராகிறது என்னும் வினாவுக்கு அதேயளவு கவனஞ் செலுத்தினோம் எனக் கூறுவதற்கில்லை. சிறுவர் இலக்கியத்தை ஆசிரியர்களிடமும் இளையோர் வாசிப்பைச் சந்தையிடமும் விட்டுவிட்டு, முதிர்ந்த வாசகர் தாமாகவே தோன்றுவர் எனக் காத்திருந்தோம்.

பல்கலைக்கழகத் தமிழ்ச் சங்கங்கள் இவ்விடயத்திற் செய்யத்தக்கது உண்டு. ஆண்டுதோறும் ஒரு நூலைத் தெரிந்து, உரியவரின் இசைவோடு, அருஞ்சொல் விளக்கமும் சுருக்கமான முன்னுரையும் சேர்த்துப் பதின்வயதினருக்கான மலிவுப் பதிப்பாக வெளியிடலாம். கிளிநொச்சியிலோ அட்டனிலோ மூதூரிலோ உள்ள பாடசாலையொன்றுக்கு அதனை எடுத்துச் சென்று, மாணவரோடு சேர்ந்து உரத்துப் படிக்கலாம். முதலாவது நூலாக ‘நிலக்கிளி’யை முன்மொழிகிறேன். மறுப்போர் வேறொன்றைக் காரணத்தோடு முன்மொழியட்டும். விவாதம் பதிப்புப் பணியைப் பிற்போடாதிருந்தாற் போதுமானது.