கடல் கடந்து வந்த குரல்கள்

பழைய ரேடியோவைப் பற்றி யாராவது நினைவுக் கட்டுரை எழுதியிருந்தால் நான் விடாமல் படித்துவிடுவேன். படித்து முடித்ததும் சற்று அலுப்பாக இருக்கும். பாட்டு இனித்தது, குரல் இனித்தது, அந்த நாள் இனித்தது. பாயசத்திலே ஒரு சிட்டிகை உப்புப் போடவேண்டும் என்று சமையல் தெரிந்தவர்கள் சொல்வார்கள். நம் நினைவுக்காரர்களுக்கு அந்த உப்பு கைக்கு எட்டுவதே இல்லை.

இந்த அபிப்பிராயத்தை எனக்குள் உறுதிப்படுத்தியது ஓர் ஆங்கிலப் படம். ரிச்சர்ட் கர்ட்டிஸ் 2009-ல் எடுத்த 'தி போட் தட் ராக்ட்'. 1960-களில் இங்கிலாந்துக் கரையோரத்தில், சட்டத்தின் கைக்கு எட்டாத கடற்பரப்பில் கப்பலை நிறுத்திக்கொண்டு பாட்டு ஒலிபரப்பினார்களே, அந்தக் 'கடற்கொள்ளை வானொலி'யைப் பற்றிய கதை. படத்தின் முடிவில் கப்பல் மூழ்குகிறது. உடனே ரசிகர்கள் சின்னச் சின்னப் படகுகளில் கூட்டமாக வந்து அறிவிப்பாளர்களைக் காப்பாற்றிக் கரை சேர்க்கிறார்கள். எனக்கும் கண்ணில் நீர் வந்தது வாஸ்தவம். வீட்டுக்குத் திரும்புகிற வழியிலேதான் கோபமும் வந்தது.

நடந்தது வேறு. பி.பி.சி.யில் இசைத்தட்டுகளைப் போடுவதற்கு நேரக் கட்டுப்பாடு இருந்த காலம் அது. இளைஞர்கள் கேட்க விரும்பியதை சர்க்கார் வானொலி கொடுக்கவில்லை. ரோனன் ஓராஹிலி என்ற ஐரிஷ்காரர் ஒரு பழைய டேனிஷ் பயணிக் கப்பலை வாங்கி, 1964 மார்ச் 28-ம் தேதி 'ரேடியோ கரோலைன்' என்ற பெயரில் ஒலிபரப்பை ஆரம்பித்தார். அதைப் பார்த்து மற்றவர்களும் கடலில் இறங்கினார்கள். 1967 ஆகஸ்ட் 14-ம் தேதி நள்ளிரவு முதல் அப்படிப்பட்ட கப்பலில் வேலை செய்வதும், அதற்குச் சாமான் கொண்டுபோய்க் கொடுப்பதும், விளம்பரம் தருவதும் பிரிட்டிஷ் பிரஜைகளுக்குக் குற்றம் என்று சட்டம் வந்தது. ஒன்றரை மாதம் கழித்து, செப்டம்பர் 30-ம் தேதி, பி.பி.சி. தானே 'ரேடியோ ஒன்' என்று பாட்டுக்கென ஒரு நிலையம் திறந்தது. அதன் முதல் குரல் டோனி பிளாக்பர்ன். கப்பலில் இருந்து வந்தவர்! கடைக்காரனைத் துரத்திவிட்டு அவன் சரக்கை மட்டும் வாங்கிக்கொள்ளும் சாமர்த்தியம் எல்லா சர்க்காருக்கும் உண்டு போலிருக்கிறது.

அந்தக் கப்பல்களில் வேலை செய்தவர்கள் பிற்பாடு சொன்ன நினைவுகள் ரசிகர்களின் நினைவுகளைப் போல் இல்லை. இரண்டு வாரம் கடலில், ஒரு வாரம் கரையில் என்று முறை. கடற்காய்ச்சல், சலிப்பு, சாப்பாடு கொண்டுவருகிற படகு வராத நாள், அலை ஓங்கும்போது இசைத்தட்டின்மேல் தாவுகிற ஊசி. கரோலைனின் 'மி அமிகோ' என்ற கப்பல் 1980 மார்ச் 20-ம் தேதி புயலில் மூழ்கியது. அப்போது ரசிகர் படகு ஒன்றும் வரவில்லை. வந்தது ஷீர்னெஸ் துறையின் உயிர்காப்புப் படகு. நாலு மனிதர்களையும் ஒரு கேனரிக் குருவியையும் அது மீட்டது. கப்பலின் ஒலிபரப்புக் கம்பம் மட்டும் பல வருஷம் தண்ணீருக்கு மேலே நீட்டிக்கொண்டு நின்றது. குருவியைத் தூக்கிக்கொண்டு இறங்கியவனுடைய ஞாபகம், படத்தின் நூறு படகுகளைவிட எனக்குப் பெரிதாகப் படுகிறது. வேலை செய்தவனுக்குத் தன் உடம்பு ஞாபகம் இருக்கிறது. கேட்டவனுக்குக் காது மட்டும்தான்.

ஊத்துக்கோட்டையில் உட்கார்ந்துகொண்டு இங்கிலீஷ் கப்பலைப் பற்றி இவனுக்கென்ன பேச்சு என்று வாசகர் கேட்கலாம். எங்களுக்கும் கடல் கடந்து ஒரு குரல் வந்தது. இலங்கை வானொலியைத்தான் சொல்லுகிறேன். அது கொள்ளை வானொலி இல்லை, ஒரு நாட்டு சர்க்காரின் சொந்த நிலையம். ஆனால் இந்தியாவில் அது செய்த காரியம் அந்தக் கப்பல்கள் செய்த காரியமேதான். 1952-ல் தகவல் மந்திரியான பி.வி. கேஸ்கர் சினிமாப் பாட்டை ரசக்குறைவு என்று கருதினார். அகில இந்திய வானொலியில் அது குறைந்து, பிறகு அநேகமாக மறைந்தே போயிற்று. ஜனங்கள் முள்ளைக் கொழும்பு பக்கம் திருப்பினார்கள். அதே வருஷக் கடைசியில் அமீன் சயானி பம்பாயில் 'பினாகா கீத்மாலா'வைப் பதிவு செய்ய, நாடாக்கள் கொழும்புக்குப் பறந்து, அங்கிருந்து ஆகாயம் வழியாகத் திரும்பி வந்தன. 1957 அக்டோபர் 3-ம் தேதி விவித் பாரதி பிறந்ததற்கு இந்தத் தோல்விதான் காரணம். இங்கிலாந்து பத்து வருஷம் கழித்துப் படித்த பாடம்.

கொழும்புக்கு வடக்கே ஏக்கல என்ற இடத்தில் இருந்த சிற்றலை ஒலிபரப்பியின் பூர்வோத்திரமும் விசேஷமானது. மவுண்ட்பேட்டனின் தென்கிழக்காசியப் படை தன் சிப்பாய்களுக்குப் பாட்டும் செய்தியும் அனுப்புவதற்காக ஏற்படுத்திய 100 கிலோவாட் யந்திரம். யுத்தத்துக்குப் பின் இலங்கையிடம் வந்தது. சிப்பாய்களுக்காகக் கட்டியது, தையற்காரர்களுக்கும் டீக்கடைகளுக்கும் பயன்பட்டது. அந்த யந்திரத்தைப் பராமரித்த இஞ்சினீயர்களில் ஒருவரைப் பற்றியாவது நம் ரசிகர் நினைவுகளில் ஒரு வரி உண்டா? நான் பார்த்ததில்லை.

எங்கள் கடைத்தெருவில் ஒரு தையற்காரர் இருக்கிறார். என்னைவிட மூத்தவர், வீட்டிலே தெலுங்கு, கடையிலே தமிழ். இந்த ஊரில் அது அதிசயமில்லை. 1960-ல் எல்லையைத் திருத்தியபோது சத்தியவேடு ஆந்திராவுக்குப் போயிற்று. நாங்கள் இந்தப் பக்கம் நின்றோம். கோடு தரையில் இருந்தது, காற்றில் இல்லை. விஜயவாடாவும் சென்னையும் கொழும்பும் ஒரே மேஜைமேல் வரும். தபாலாபீசில் பணம் கட்டி லைசென்ஸ் புதுப்பித்துக்கொண்டு நாங்கள் முறையாகவே அந்நிய நாட்டுக் குரலைக் கேட்டோம்.

அவருடைய ஞாபகம் அசாத்தியமானது. காலையில் 'பொங்கும் பூம்புனல்' ஆரம்பிக்கும்போது எந்தச் சட்டைக்குக் காஜா எடுத்துக்கொண்டிருந்தார் என்றுகூடச் சொல்வார். மயில்வாகனனின் குரல் வேறு, கே.எஸ். ராஜாவின் வேகம் வேறு, ராஜேஸ்வரி சண்முகத்தின் கனிவு வேறு என்று மூன்றையும் நடித்துக் காட்டுவார். நேயர் விருப்பத்துக்குக் கார்டு போட்டு நாலு மாதம் காத்திருந்தாராம். ஒருநாள் சாயங்காலம் பெயர்ப் பட்டியல் வாசிக்கப்பட்டது. "ஊத்துக்..." என்றது ரேடியோ. அத்தோடு சிற்றலை தன் குணத்தைக் காட்டி இரைச்சலுக்குள் அமுங்கிவிட்டது.

"அப்புறம் பாட்டு வந்ததா அண்ணே?" என்றேன்.

"பாட்டு நல்லா வந்துச்சி ஸார். பேருதான் போச்சி. எதிர்வீட்டு ரேடியோவிலே முழுசா வந்துச்சாம். அவங்க வந்து சொன்னாங்க. சொல்றதும் கேக்கறதும் ஒண்ணாகுமா?"

அச்சில் வருகிற நினைவுகளைவிட இது எவ்வளவோ மேல். இதிலே நஷ்டம் இருக்கிறது.

ஆனாலும் அவரையும் என்னையும் சேர்த்தே நான் விமரிசனம் செய்யவேண்டியிருக்கிறது. நாம் காதைத் தீட்டிக்கொண்டு கேட்ட அந்த வருஷங்கள் எப்படிப்பட்டவை? 1956-ல் சிங்களம் மட்டுமே ஆட்சிமொழி என்று சட்டம். 1958-ல் கலவரம். 1977-ல் மறுபடியும். 1983 ஜூலையில் கொழும்பு எரிந்தது. நமக்குப் பிறந்தநாள் வாழ்த்துச் சொன்ன தமிழ்க் குரல்கள் அந்தக் கொழும்பில்தான் வாடகை கொடுத்து, பஸ் ஏறி, நிலையத்துக்குப் போய் வேலை பார்த்தன. சினிமா வசனத்தைப் போலச் சரளமாகக் கொட்டிய கே.எஸ். ராஜா பிற்பாடு போர்க்காலத்தில் கொலை செய்யப்பட்டார். இதைச் சொல்லாமல் 'திரைவிருந்'தைப் பற்றி மட்டும் நாலு பக்கம் எழுதுகிறவர்களை என்னால் ரசிகர்கள் என்று ஒப்புக்கொள்ள முடியவில்லை. அவர்கள் நேயர்கள், அவ்வளவுதான்.

ஒலிபரப்பாளர்களே எழுதுவதுதான் இதற்கு மாற்று. அவர்களில் ஒருவரான பி.எச். அப்துல் ஹமீத் தம் அனுபவங்களை 'வானலைகளில் ஒரு வழிப்போக்கன்' என்று புத்தகமாக்கியிருக்கிறார். பெயரைக் கவனியுங்கள். நாம் அவரை நம் வீட்டு மனிதராக நினைத்தோம். அவர் தம்மை வழிப்போக்கர் என்கிறார். இந்த இரண்டுக்கும் நடுவே உள்ள தூரத்தை அளப்பதுதான் விமரிசகனின் வேலை. வேலை செய்தவர்களின் நினைவுகளும் முழுசாக நம்பத்தக்கவை என்று நான் சாதிக்கவில்லை. இங்கிலீஷ் கப்பல்காரர்கள் சுதந்திரத்தைப் பற்றி நிறையப் பேசுவார்கள். லண்டன் மேஃபேரில் சொகுசான ஆபீஸ் வைத்து விளம்பரப் பணம் எண்ணியதைப் பற்றி அவ்வளவு பேசமாட்டார்கள். 1966 ஜூனில் ரேடியோ சிட்டியின் சொந்தக்காரர் ரெக் கால்வெர்ட் தொழில் தகராறில் சுட்டுக் கொல்லப்பட்டதும் பாட்டுக் கதைகளுக்கு நடுவே சுருங்கிவிடுகிறது. பணத்தையும் ரத்தத்தையும் மறப்பதில் இரு தரப்பாரும் கெட்டிக்காரர்கள்தாம்.

போன வாரம் சட்டை அளவு கொடுக்கப் போனபோது தையற்காரரிடம் கேட்டேன். 1983 ஜூலைக் கடைசியில், இங்கே எல்லாரும் கொதித்துப்போய்க் கடையடைத்தோமே, அந்த வாரம் ரேடியோவில் என்ன கேட்டீர்கள்?

அளவு நாடாவைக் கழுத்தில் போட்டுக்கொண்டு யோசித்தார். கடையடைத்தது ஞாபகம் இருக்கிறது. ஊர்வலம் ஞாபகம் இருக்கிறது. யார் யார் பேசினார்கள் என்பதும் தெரியும். ரேடியோ எந்த அலமாரியின்மேல் இருந்தது என்று கையைக் காட்டினார். அன்றைக்குக் கொழும்பை வைத்தாரா, வைத்தால் யார் பேசினார்கள், யாராவது பேசினார்களா என்பது எவ்வளவு முயன்றும் வரவில்லை.

"உங்களுக்கு ஞாபகம் இருக்குதா ஸார்?" என்றார்.

எனக்கும் இல்லை.